அறுபதுக்கு மேல் ஓட்டமா, சைக்கிளா?

"வயதாகிவிட்டது, இனி ஓட வேண்டாம். வேண்டுமானால் சைக்கிள் ஓட்டுங்கள், மூட்டுக்கு நல்லது." அறுபதைத் தாண்டியவர் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்ப முடியாது. மருத்துவர் சொல்கிறார், மருமகன் சொல்கிறார், வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடியிராத பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். இதில் பாதி சரி. மீதிப் பாதியையும் அப்படியே நம்பி ஓட்டக் காலணியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இழப்பது கொஞ்சமல்ல.

இரண்டில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. இதயத்துக்கு இரண்டும் நல்லவை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அப்படியே. வேறுபாடு தலைகாட்டுவது மூட்டில், தசைநாரில், எலும்பில், கீழே விழும் ஆபத்தில். இவற்றில் உங்கள் உடலில் எது பலவீனம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூட்டு திட்டவட்டமாக மறுக்காதவரை ஓட்டத்தை அடியோடு விடக் கூடாது. நேரத்தின் பெரும்பகுதி சைக்கிளுக்குப் போகட்டும். ஓட்டத்தை மருந்துபோல அளந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதயத்தின் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஒரே அளவைத்தான் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அறுபது வயது உடலுக்கு மெல்லோட்டம்கூடப் பெரும்பாலும் கடுமையான உழைப்பில்தான் சேரும். சமதளத்தில் பேசிக்கொண்டே மிதிக்கும் சைக்கிள், மிதமான உழைப்பு. ஆகவே நேரம் குறைவாக உள்ளவருக்கு ஓட்டமே சிக்கனம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 60 கலோரி செலவாகிறது. சைக்கிளில் அதே தூரத்துக்கு அதில் பாதிகூட ஆகாது, ஏனென்றால் அங்கே உடல் எடையைச் சக்கரங்கள் சுமக்கின்றன. ஆனால் அரை மணி நேர ஓட்டத்துக்கே மனத்தைத் திரட்ட வேண்டியிருப்பவர், சைக்கிளில் ஒன்றரை மணி நேரம் அலுப்பில்லாமல் போய்வந்துவிடுவார். பணி ஓய்வு பெற்றவருக்கு நேரப் பஞ்சம் பெரிதாக இருக்காது என்பதால், இந்த வேறுபாட்டுக்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை.

எவ்வளவு வேகம் என்பதைக் கைக்கடிகாரத்தின் நாடிக் கணக்கை வைத்து முடிவு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித் துடிப்பு கிடைக்கும் என்பது பழைய சூத்திரம். 65 வயதுக்கு அது 155 தரும். வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது 2001-இல் வந்த திருத்தம். அது 162 தரும். இரண்டுமே சராசரிகள். தனிமனிதருக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சர்வ சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அந்த அளவுக்கு மேலேறாது. அவர்கள் இந்த எண்களை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. பேச்சே நல்ல அளவுகோல். முழு வாக்கியம் தடையில்லாமல் வந்தால் மிதம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமை.

இரு தரப்புக்கும் நீண்ட காலச் சான்றுகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1984-இல் தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 19 ஆண்டு முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். ஓட்டக்காரர்களில் 15 சதவீதத்தினர். அன்றாட வேலைகளுக்குத் தடுமாறும் நிலையும் ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளித்தான் வந்தது. சைக்கிள் பக்கம், லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் 55 முதல் 79 வயது வரையிலான 125 சைக்கிள்காரர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டன. வயதோடு தேய வேண்டிய தசை அவர்களிடம் பெரிதாகத் தேயவில்லை. நோய் எதிர்ப்புக்கான டி அணுக்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பியும் இளைஞர்களுக்கு நிகராகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு சிறு எச்சரிக்கை: அந்த ஆய்வில் சேர ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ளும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தாம் அறுபதிலும் ஓடுகிறார்கள், மிதிக்கிறார்கள் என்று இதைத் திருப்பியும் வாசிக்கலாம். இரண்டு ஆய்வுகளுக்குமே இந்த ஐயம் பொருந்தும்.

மூட்டு தேய்ந்துவிடுமா?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இதைக் கேட்டதும் முழங்கால் கரைந்துபோகும் என்ற பயம் வருவது இயல்பு. ஆனால் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் சிலரது முழங்கால்களை ஏறத்தாழ 18 ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஓட்டக்காரர்களுக்குத் தேய்மானம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது; அமுங்கி விரியும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேருகிறது. அளவான சுமை அதற்குத் தேவை.

இது ஆரோக்கியமான முழங்காலுக்குச் சொன்னது. ஏற்கெனவே தேய்ந்து வீங்கும் முழங்கால், கிழிந்த ஜவ்வு, மாற்று அறுவை செய்த மூட்டு, உயரத்துக்கு மிக அதிகமான எடை ஆகியவற்றில் எதுவும் இருந்தால் விவாதமே வேண்டாம், சைக்கிள்தான். முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பயிற்சிகளிலேயே சைக்கிளும் ஒன்று. எடை இறங்காமல் மூட்டை மடக்கி நீட்ட அதைவிட எளிய வழி குறைவு.

வயதான ஓட்டக்காரரை உண்மையில் படுக்கப் போடுவது முழங்காலைவிடக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும்தான். வயது ஏற ஏறத் தசைநார் விறைத்துப்போகிறது, காயம் ஆற நாளாகிறது. இருபத்தைந்தில் மூன்று நாளில் சரியாகும் சுளுக்கு அறுபத்தைந்தில் மூன்று வாரம் உட்கார வைத்துவிடும். அறிகுறி மிகத் தெளிவானது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடிகளில் குதிகாலுக்கு மேலே கயிறு கட்டி இழுப்பதைப் போன்ற விறைப்பு. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது விட்டுவிடும். விட்டுவிட்டதே என்று அன்றைக்கும் ஓடப் போகிறவர்கள்தாம் ஆறு மாதம் நொண்டுகிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே "இன்னும் போகலாம்" என்று சொல்லத் தொடங்கிவிடும். தசைநாருக்கு மாதங்கள் வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு உற்சாகமாக ஓடத் தொடங்குகிறவர்களின் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நேர்கிறது.

சைக்கிளிலும் முழங்கால் வலி வரும். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வயதல்ல, சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். முழங்காலுக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம், பின்னால் வலித்தால் உயரமாக இருக்க. தரையில் இரண்டு பாதங்களும் பதிய வேண்டும் என்ற பயத்தில் சீட்டை அடியோடு இறக்கி வைத்துக்கொள்கிறவர்கள், மூட்டுக்கு இதமான வண்டியை மூட்டுக்குப் பகையாக மாற்றிவிடுகிறார்கள். கடினமான கியரில் மெதுவாக அழுத்துவதும் அதே பிழைதான். இலகுவான கியரில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று என்று வேகமாகச் சுழற்றினால் முழங்காலின் சுமை குறையும்.

எலும்பு: சைக்கிள் கைவிடும் இடம்

அந்த அறிவுரையில் விடுபட்டுப்போகும் மீதிப் பாதி இதுதான். தன்மேல் சுமை விழுந்தால்தான் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். சைக்கிளில் உடல் சீட்டில் அமர்ந்திருக்கிறது, அதிர்வு டயரில் கரைகிறது, கால்கள் வட்டமாகச் சுழல்கின்றன. மூட்டுக்கு இதம் தரும் அதே காரணம் எலும்புக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் சைக்கிளை மட்டுமே ஓட்டியவர்களுக்கு, குறிப்பாக முதுகெலும்பின் அடிப்பகுதியில், எலும்பு அடர்த்தி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இதயமும் தொடையும் நாற்பது வயதுக்குரியவை, முதுகெலும்பு மட்டும் எண்பது வயதுக்குரியது என்ற விசித்திரக் கூட்டணி சாத்தியம்தான்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதல் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் குறையும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. அந்தக் காலத்தில் "மூட்டுக்கு நல்லது" என்று சைக்கிளை மட்டும் பிடித்துக்கொள்வது தவறான நேரத்தில் எடுக்கும் தவறான முடிவு.

எலும்புக்கு மணிக்கணக்கான ஓட்டம் தேவையில்லை என்பது நல்ல செய்தி. சில பத்து அதிர்வுகளிலேயே எலும்பின் அணுக்கள் தூண்டப்பட்டுவிடுகின்றன. அதற்குமேல் விழும் ஒவ்வோர் அடிக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது என்பதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. நீண்ட இடைவெளி விட்டு மீண்டும் கொடுத்தால் மீண்டும் செவிசாய்க்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிட மெல்லோட்டம் என்ற சின்ன அளவை நான் வற்புறுத்துவது இதனால்தான். மாரத்தான்காரருக்குக் கிடைக்கும் எலும்புப் பலனின் பெரும்பகுதி, அவருடைய காயங்கள் இல்லாமலே உங்களுக்கும் கிடைக்கலாம். ஓட்டம் அதிசயம் செய்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பிலும் காலிலும் எலும்பைக் காக்கும். முதுகெலும்புக்கு அதன் உதவி குறைவு. மணிக்கட்டுக்கு ஒன்றுமே இல்லை. எலும்புப்புரை (அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் முறியும் நிலை) இருப்பது உறுதிசெய்யப்பட்டவர்கள் தாமாக ஓடத் தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். வளைந்த ஹேண்டில்பார் கொண்ட பந்தய சைக்கிளில் நெடுநேரம் குனிந்து ஓட்டுவதைப் பற்றியும் அவர்கள் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

விழுந்தால் என்ன ஆகும்?

ஓட்டத்தின் காயங்கள் மெல்லச் சேர்ந்து வருபவை, வருமுன் எச்சரிப்பவை. சைக்கிளின் காயங்கள் ஒரு நொடியில் வருபவை. தடுக்கி விழும் ஓட்டக்காரர் பெரும்பாலும் கையை ஊன்றுகிறார். முழங்கால் சிராய்க்கும், மணிக்கட்டு முறியலாம். சைக்கிளில் பக்கவாட்டாகச் சாய்கிறவருக்குக் காறை எலும்பும் இடுப்பும் தலையும் அடிபடும். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிவு என்பது மாதக்கணக்கான சிறை, சிலருக்கு அதிலிருந்து மீளவே முடிவதில்லை. இந்த ஓர் அம்சத்தில் நான் ஓட்டத்தின் பக்கம்.

விபத்து என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். முதியவர்கள் பலர் விழுவது வண்டி நிற்கும்போது அல்லது நிற்கப்போகும்போது. இறங்கும் விதத்தை உற்றுப் பாருங்கள். வேகம் குறைகிறது, ஹேண்டில் ஆடத் தொடங்குகிறது. வலது காலைத் தூக்கிச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். இடுப்பு முன்போல் விரிவதில்லை, பாதம் சீட்டில் இடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் முழு எடையும் இடது காலில், வண்டியோ வலப்பக்கம் சாய்கிறது. நின்ற இடத்திலேயே விழுகிறார். வேகம் பூஜ்யம், முறிவு முழுமையானது. இதற்குத் தீர்வு எளிது. குறுக்குக் கம்பி தாழ்ந்த, காலை முன்பக்கமாகவே எடுத்து வைக்கக்கூடிய வண்டி. "பெண்கள் வண்டி" என்று முகம் சுளிக்கும் ஆண்கள், இடுப்புக்குத் தகடு வைப்பதா முகத்தைச் சுளிப்பதா என்று யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கழுத்து. பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க முடியாதவர், திரும்பும்போது வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார். ஹேண்டிலில் ஒரு சிறு கண்ணாடி போதும். தலைக்கவசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காது மந்தம், கண்புரை, தலைச்சுற்றல் இருந்தால் சாலைக்கு வராமல் நிலையான உடற்பயிற்சி சைக்கிளில் மிதிப்பதே மேல். சலிப்புத் தரும்தான், இதயத்துக்கு அந்தச் சலிப்பு தெரியாது. சாலையின் ஆபத்து ஓட்டக்காரர்களுக்கும் உண்டு. 89 வயதில் முதல் மாரத்தான் ஓடி, நூறு வயது என்று சொல்லப்பட்ட நிலையில் 2011-இல் டொரன்டோ மாரத்தானை முடித்த ஃபௌஜா சிங், 2025-இல் இறந்தது சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதியதால்.

சமநிலையிலும் ஓட்டத்துக்கே சாதகம். ஓட்டம் என்பது ஒற்றைக் காலில் மாறி மாறி இறங்குவதுதான். ஒவ்வோர் அடியிலும் கணுக்காலும் இடுப்பும் உடலைப் பிடித்து நிறுத்தப் பழகுகின்றன. சைக்கிளில் சமநிலை கையிலும் ஹேண்டிலிலும் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கிய பின் படிக்கட்டில் அது உதவுவதில்லை.

வெளியே பேசப்படாத சில

நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டினால் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது சீட் அழுத்தும் நரம்புகளால். அகலமோ வடிவமோ பொருந்தாத சீட்டை மாற்ற வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதிக்க வேண்டும். மரத்துப்போவதைச் சகித்துக்கொண்டு ஓட்டுவது வீரம் அல்ல. பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இருந்தால் அதற்கு இரண்டு நாள் முன்பே சைக்கிளை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அந்த அழுத்தம் எண்ணை உயர்த்திக் காட்டி வீண் கவலையைக் கிளப்பலாம். ஓட்டத்தின் பக்கத்தில் பெண்கள் பலர் வாய்விட்டுச் சொல்லாதது சிறுநீர்க் கசிவு. குழந்தை பெற்றவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இது மிகவும் சகஜம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பலருக்குச் சரியாகும். சரியாகும்வரை சைக்கிள் நல்ல மாற்று. இதற்காகவே ஓட்டத்தைக் கைவிட்டு, காரணம் கேட்டால் "முழங்கால் வலி" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கு எது?

ஐம்பதுகளிலிருந்தே ஓடிக்கொண்டிருப்பவர், வலி இல்லாதவர்: ஓடுங்கள். தூரத்தைக் குறைத்து, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் விட்டு, அந்த நாளில் மிதியுங்கள். கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடினார். 85 வயதிலும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். அவரும் நடுநடுவே காயங்களால் நீண்ட காலம் ஓடாமல் இருந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

வாழ்நாளில் உடற்பயிற்சியே செய்திராமல் இப்போது தொடங்குகிறவர்: சைக்கிளில் தொடங்குங்கள், கூடவே வேகநடை. இரண்டு மூன்று மாதம் கழித்து நடையின் நடுவே ஒரு நிமிட ஓட்டங்களைச் சொருகலாம். தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள், குறிப்பாகச் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால். தாமதமாகிவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். பிரான்சின் ராபர்ட் மார்ஷான் 105 வயதில், 2017-இல், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். அதைவிட எனக்கு வியப்பு வேறொன்று: 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையில், பயிற்சியை மாற்றியமைத்ததால் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. அந்தப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான மிதிப்புதான்.

எலும்பு பலவீனம், ஆனால் மூட்டு நலம்: ஓட்டமோ, அதற்கு இணையான வேகநடையும் படியேற்றமுமோ, மருத்துவரின் ஒப்புதலோடு. மூட்டு பலவீனம், எலும்பு நலம்: சைக்கிள். இரண்டும் பலவீனம் என்றால் நிலையான சைக்கிளும் எடைப் பயிற்சியும்.

எடைப் பயிற்சியை எல்லோருக்கும் எழுத வேண்டும். ஓட்டமும் சைக்கிளும் கையையும் தோளையும் கண்டுகொள்வதில்லை. திடீரெனத் தடுமாறும்போது பிடித்துக்கொள்ள உதவும் வேகமான தசை இழைகளை இரண்டுமே சரியாக வளர்ப்பதில்லை. வாரம் இரு நாள் தசைப் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் அதே 2020 வழிகாட்டுதலில் இருக்கின்றன. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும், சுவரைத் தள்ளுவதும், பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் தொடக்கத்துக்குப் போதும்.

என் கைக்கு வந்தால் வாரத்தை இப்படிப் பிரிப்பேன்: மூன்று நாள் சைக்கிள், அதில் ஒன்று நீளமானது, இரண்டு நாள் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம், முன்னும் பின்னும் நடையோடு, முடிந்தால் மண் தரையில், அந்த இரு நாளிலேயே எடைப் பயிற்சி, மிச்சம் ஓய்வு. நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு அல்லது மூச்சிரைப்பு வந்தால் எதுவானாலும் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிக்கு என் விதி வேறு: ஓடும்போது இலேசாகத் தொடங்கி மறுநாள் காலைக்குள் மறைந்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் கூட்டாமல் தொடரலாம், மறுநாளும் இருந்தால், நடையை மாற்ற வைத்தால், அல்லது எலும்பின் ஒரே புள்ளியில் அழுத்தும்போது வலித்தால் ஓட்டம் நிற்க வேண்டும். எலும்புப் புள்ளி வலி என்றால் மருத்துவர். மற்றவற்றுக்கு, வலி தணியும்வரை ஓட்ட நாள்களையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடலாம்.